பார்ட்டோக் தன் காதைத் திருத்திக்கொண்ட கதை

எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் குடியிருக்கும் பள்ளிச் சிறுமி ஒருத்தி பியானோ கற்கிறாள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, கையில் ஓர் இசைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, "மாமா, நீங்க மிருதங்கம் கத்துக்கிட்டவங்கதானே, இந்த ஏழு கவுண்ட்டை எப்படி எண்றதுன்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் எழுதிய 'மிக்ரோகாஸ்மாஸ்' தொகுப்பின் நான்காம் பாகம், 113-ஆம் பாடம். தலைப்பு 'பல்கேரியத் தாளம்'. தொடக்கத்தில் 7/8 என்ற குறி, அதாவது ஒரு வட்டத்துக்கு ஏழு மாத்திரை.

அவள் வீட்டுக்குப் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒன்று முதல் ஏழு வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வாசித்தாள். சுரங்கள் பிழையின்றி விழுந்தன. ஆனால் ஏழு மாத்திரைகளும் ஒரே கனத்தில், ஏழு செங்கற்களை வரிசையாக அடுக்கியதுபோல விழுந்தன. எண்ணுவதை விட்டுவிட்டு, "தக தக தகிட" என்று சொல்லிப் பார் என்றேன். நான்கைந்து முறை சொன்னாள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சொன்னாள். பிறகு பியானோவில் கை வைத்தாள். இரண்டு, இரண்டு, மூன்று என்ற பிரிவு சட்டென்று கேட்டது. கர்நாடக இசையின் விலோம சாபு தாளத்தில், நான்கும் மூன்றுமாகக் கேட்டுப் பழகிய ஏழுதானே இது என்ற நிறைவோடு நான் கீழே இறங்கி வந்தேன். ஆனால் அன்றிரவு படுக்கையில் அந்த இசையை மனத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஏதோ ஒன்று குறைவதாகவே பட்டது. அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்ட்டோக் 1881 மார்ச் 25 அன்று, அன்றைக்கு ஹங்கேரியில் இருந்து இன்று ருமேனியாவுக்குள் அமைந்திருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி அவருடைய தாய் சொல்லிவைத்த செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று வயதில் அவருக்கு ஒரு சிறு முரசு கிடைத்தது. தாய் பியானோ வாசிக்க, குழந்தை முரசு தட்டும். தாய் மூன்று எண்ணிக்கை உள்ள இசையிலிருந்து நான்கு எண்ணிக்கைக்கு மாறினால், குழந்தை ஒரு கணம் தட்டுவதை நிறுத்திக் கேட்கும். பிறகு புதிய தாளத்தில் சரியாகச் சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு கண நிறுத்தத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தெரியாத தாளம் வந்ததும் பழைய தாளத்தை அதன்மேல் ஏற்றிவிடாமல், கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமை அந்தக் குழந்தைக்கு இருந்தது. முப்பது வயதில், முறையான பயிற்சியெல்லாம் பெற்று முடித்த பிறகு, அதே மனிதர் கிராமத்து ஆட்டத் தாளம் ஒன்றைத் தவறாகக் கேட்டுத் தவறாகவே எழுதி வைத்தார் என்பதும், அந்தத் தவறைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட காலத்தில்தான் அவருடைய தாளக் கற்பனை முழுமையாகத் திறந்துகொண்டது என்பதும் என் எண்ணம்.

அவர் நாட்டுப்புற இசைக்குள் நுழைந்தது ஒரு தற்செயல். 1904 கோடையில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு கிராமப்புற விடுதியில் தங்கியிருந்தபோது, டிரான்சில்வேனியாவிலிருந்து குழந்தை பார்த்துக்கொள்ள வந்திருந்த லிடி டோஷா என்ற இளம்பெண் பாடியது அவர் காதில் விழுந்தது. அதுவரை ஹங்கேரிய இசை என்று ஐரோப்பா அறிந்திருந்தது, நகரத்து உணவு விடுதிகளில் ரோமா இசைக்குழுக்கள் வாசித்ததும், அதைக் கேட்டு இசையமைப்பாளர்கள் லிஸ்ட்டும் பிராம்ஸும் எழுதியதும்தான். அந்தப் பெண் பாடியது அதிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது. அடுத்த ஆண்டு சக இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயின் நட்பு கிடைத்தது. இருவரும் மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள். ஹங்கேரியக் கிராமங்கள், பிறகு ஸ்லோவாக்கியக் கிராமங்கள், 1909 முதல் ருமேனியக் கிராமங்கள், 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதி என்று பார்ட்டோக்கின் பயணம் விரிந்தது. முதல் உலகப் போர் அந்தப் பயணங்களைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. 1936-இல் துருக்கிக்குப் போனது ஒன்றுதான் அதற்குப் பிந்தைய பெரிய பயணம்.

ஒரு மெழுகு உருளையில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் பதிய முடியாது. பாட்டாவது பரவாயில்லை, அந்த நேரத்துக்குள் ஓரிரண்டு கண்ணிகளைப் பிடித்துவிடலாம். ஆட்ட இசையின் நிலை வேறு. வயலினோ குழலோ துருத்தி இசைக்கருவியோ வாசிப்பவரை ஒரு கூம்பின் முன்னால் நிறுத்தி வாசிக்க வைக்க வேண்டும்; உருளையில் ஒலி மட்டும் பதியும், காலடி பதியாது. பாடலுக்கு வரிகள் இருப்பதால் மொழியின் குறில் நெடில்கள் தாளத்துக்குச் சாட்சி சொல்லும். ஆட்ட இசைக்கு ஆடுபவரின் முழங்காலும் பாதமும்தான் சாட்சி. அந்தச் சாட்சி இல்லாமல் உருளையை மட்டும் கேட்டு எழுதுகிறவர், தமக்குப் பழகிய அளவுகோலைத்தான் எடுத்து வைப்பார்.

பார்ட்டோக்குக்குப் பழகிய அளவுகோல் என்ன? மேலை இசைக் கல்வியில் ஓர் அடிப்படை உண்டு. இரண்டோ மூன்றோ நான்கோ, ஒரு வட்டத்தில் எத்தனை தட்டுகள் இருந்தாலும் தட்டுகள் தமக்குள் சமமாக இருக்கும். வட்டங்கள் மாறலாம், தட்டின் நீளம் மாறாது. 1915-இல் அவர் பியானோவுக்கு எழுதிய 'ருமேனிய நாட்டுப்புற ஆட்டங்கள்' இந்த இலக்கணத்துக்கு உள்ளேயே நிற்பது. ஆறு சிறு ஆட்டங்கள். கோலாட்டம்போலக் கழியை வைத்து ஆடுவது, இடுப்புக் கச்சையின் பெயர் கொண்டது, நின்ற இடத்திலேயே ஆடுவது என்று அடுத்தடுத்து வரும். கேட்கக் கேட்க இனிமையானது. இன்றும் உலகெங்கும் வயலின் கற்பவர்கள் வாசிக்கிறார்கள். அதன் ஐந்தாவது ஆட்டமான ருமேனியப் போல்காவில், இரண்டு தட்டு வட்டங்களும் மூன்று தட்டு வட்டங்களும் கலந்து வரும். முதன்முறை கேட்பவருக்குக் கால் இடறும். ஆனால் விரலால் மேசையில் தட்டிப் பார்த்தால் தட்டுகள் எல்லாம் ஒரே சீராகவே விழுவது தெரியும். எங்கே புதிய வட்டம் தொடங்குகிறது என்பதில் மட்டும்தான் வியப்பு இருக்கிறது.

பல்கேரிய ஆட்டத் தாளங்களில் நடப்பது இதுவல்ல. அங்கே தட்டே இரண்டு நீளங்களில் இருக்கிறது. இரண்டு மாத்திரையுள்ள குட்டைத் தட்டு ஒன்று, மூன்று மாத்திரையுள்ள நெட்டைத் தட்டு ஒன்று. ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று ஐந்து மாத்திரையில் ஆடுவது பைடுஷ்கோ. குட்டை, குட்டை, நெட்டை என்று ஏழில் ஆடுவது ரச்செனிட்சா. கைக்குட்டையை வீசிக்கொண்டு ஆடுவார்கள், திருமணங்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. மூன்று குட்டைகளும் ஒரு நெட்டையுமாக ஒன்பதில் ஆடுவது டைச்சோவோ. குட்டை குட்டை நெட்டை குட்டை குட்டை என்று நடுவில் நீண்டு பதினொன்றில் ஆடுவது கோப்பானிட்சா. கேட்பவர் இவற்றை எண்ணித் தொடர முடியாது. ஒரு நொடிக்கு ஐந்துக்கு மேற்பட்ட மாத்திரைகள் ஓடும் வேகம் அது. ஆடுபவரின் உடலில் இருப்பது ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்கள் அல்ல. விரைந்த அடி, தாமதித்த அடி என்ற இரண்டே உணர்வுகள்தான். துருக்கியர்கள் இந்த வகைத் தாளத்துக்கு 'அக்சாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நொண்டுதல் என்று பொருள். ஒரு காலில் சற்றுக் கூடுதலாக நின்று மறுகாலை வைப்பது என்ற படம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இங்கே நம் சாபு தாளங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைப் படிக்கும் கர்நாடக இசை ரசிகருக்கு அது உடனே நினைவுக்கு வரும். மிஸ்ர சாபுவில் தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகத் தட்டும்போது நம் தட்டுகளும் சமமாக இருப்பதில்லை. சாபு தாளங்கள் நாட்டுப்புறத்திலிருந்து மேடைக்கு வந்தவை என்று நம் வித்வான்கள் சொல்வதும் வழக்கம். ஆகவே இந்தச் சமமின்மை நமக்கு அந்நியமானதல்ல. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் பயின்ற ஒருவருக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அது எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்பதை நாம் முயன்றுதான் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த அந்நியத்தன்மையை பார்ட்டோக் மறைக்கவில்லை. பல்கேரிய ஆய்வாளர் வாசில் ஸ்டோயின் 1927-இல் தம் நாட்டுத் தாளங்களைப் பற்றி எழுதியதும், அவரும் அவரைப் போன்றவர்களும் வெளியிட்ட பல்கேரியப் பாடல் தொகுப்புகளும் பார்ட்டோக்கின் கைக்கு வந்தன. முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு தாம் சேர்த்து வைத்திருந்த ருமேனிய இசையைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அங்கேயும் அதே நொண்டும் தாளம் இருப்பதைக் கண்டார். பல ஆண்டுகளாக அது அவருடைய உருளைகளிலேயே இருந்திருக்கிறது. அதை அவர் சமமான தட்டுகளாக எழுதி வைத்திருந்தார். நீண்டு ஒலித்த தட்டை, வாசித்தவர் சற்று இழுத்துவிட்டார் என்றோ, ஒரு நிறுத்தக்குறி போட்டால் போதும் என்றோதான் ஒரு பயிற்சி பெற்ற காது எடுத்துக்கொள்ளும். கிராமத்து வாசிப்பாளர் மிகத் துல்லியமாக வாசித்திருந்தார். எழுதியவர்தான் அந்தத் துல்லியத்தைத் தளர்வு என்று கேட்டிருக்கிறார்.

1938-இல் 'பல்கேரியத் தாளம் என்று சொல்லப்படுவது' என்ற தலைப்பில் அவர் பேசியும் எழுதியும் இதை விளக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் உலகம் அறிந்த இசையமைப்பாளர். பிகோர் பகுதி ருமேனியப் பாடல்களை 1913-லேயே புத்தகமாக வெளியிட்டவர். அப்படிப்பட்டவர் தம் பழைய குறிப்புகளைத் தாமே தவறு என்று சொல்லித் திருத்தி எழுதினார். திருத்துவதற்கு அவர் கையாண்ட வழி எளிமையானது. உருளையின் வேகத்தைக் குறைத்து, மீண்டும் மீண்டும் கேட்டார். 1934-இல் இசைக் கல்லூரியில் பியானோ கற்பிக்கும் வேலையை விட்டு ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் நாட்டுப்புற இசைத் தொகுப்புப் பணிக்கு மாறினார். அதன் பிறகு 1940-இல் நாட்டைவிட்டுக் கிளம்பும்வரை, அவருடைய வேலை நேரத்தின் பெரும்பகுதி கிராமத்துக் குரல்களையும் குழல்களையும் மெதுவாக ஓடவிட்டுக் கேட்பதிலேயே கழிந்தது. மூன்று வயதில் முரசிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்ட அந்தக் குழந்தை, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் அப்படியே உட்கார்ந்து கேட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாட்டுப்புற இசையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் எப்படிப் பெற முடியும் என்பதைப் பற்றி 1931-இல் அவர் எழுதியது இந்த இடத்தில் பொருந்தும். அவர் மூன்று நிலைகளைச் சொல்கிறார். கிராமத்து மெட்டை அப்படியே எடுத்து, அதற்குத் துணையிசை சேர்த்துத் தருவது ஒன்று. மெட்டை எடுக்காமல், அதே சாயலில் தானே ஒரு மெட்டைப் புனைவது மற்றொன்று. மெட்டும் இல்லாமல் சாயலும் இல்லாமல், அந்த இசையின் காற்று முழுவதும் தன் எழுத்தில் நிறைந்திருக்கச் செய்வது மூன்றாவது. அந்த மூன்றாம் நிலையில் கிராமத்து இசை அவருக்குத் தாய்மொழி ஆகிவிடுகிறது என்பது அவருடைய கருத்து. மேலே சொன்ன ருமேனிய ஆட்டங்கள் முதல் நிலையைச் சேர்ந்தவை. 1908-இல் எழுதிய 'டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை' இரண்டாம் நிலை. அதில் வரும் பாட்டு மெட்டும் சரி, குழல் வாசிப்பைப் போன்ற ஆட்ட மெட்டும் சரி, தாமே புனைந்தவை என்று அவர் பின்னாளில் ஒரு வானொலி நேர்காணலில் சொல்லியிருக்கிறார். எங்கோ கேட்டு எழுதியது என்றே பலரும் நம்பும் அளவுக்கு அது இயல்பாக இருக்கிறது.

மூன்றாம் நிலைக்குப் போகும் வழியில் 1923-இன் 'நடனத் தொகுப்பு' நிற்கிறது. புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் ஒரே நகரமாக இணைந்ததன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அது ஹங்கேரிக்கு நல்ல காலமல்ல. உலகப் போருக்குப் பிந்தைய 1920-ஆம் ஆண்டின் திரியனோன் உடன்படிக்கையில் நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போயிருந்தது. பார்ட்டோக் பாட்டுச் சேகரித்த கிராமங்களில் பல எல்லைக்கு அப்பால் போய்விட்டன. அண்டை நாட்டவர்மீது கசப்பு மிகுந்திருந்த அந்த வேளையில், தலைநகரின் விழாவுக்கென்று அவர் எழுதிய ஆட்டங்களில் அரபுச் சாயல், ஹங்கேரியச் சாயல், ருமேனியச் சாயல் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மெட்டுகள் அனைத்தும் அவருடைய சொந்தப் படைப்பு. ஆட்டங்களுக்கு இடையில் அமைதியான ஒரே மெட்டு திரும்பித் திரும்பி வந்து அவற்றைக் கோக்கிறது. இந்தச் சேர்க்கையை அவர் தெரிந்தே செய்தார் என்று நான் நம்புகிறேன், ஏனெனில் மக்களினங்களின் சகோதரத்துவமே தம்மை வழிநடத்தும் எண்ணம் என்று 1931-இல் ஒரு கடிதத்தில் அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நவம்பர் 19 அன்று புடாபெஸ்ட்டில் நடந்த முதல் அரங்கேற்றம் பெரிதாகப் பேசப்படவில்லை. 1925-இல் பிராகில் செக் இசைக்குழு வாக்லாவ் டாலிஹ் தலைமையில் வாசித்தபோதுதான் அதன் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது.

என்னைப் பொறுத்தவரை அவருடைய தாள வாழ்வின் உச்சம் ஐந்தாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்தான். இரண்டு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1934 ஆகஸ்ட் 6 அன்று தொடங்கி செப்டம்பர் 6 அன்று, சரியாக ஒரு மாதத்தில் எழுதி முடித்தார். கற்பிக்கும் வேலையை விட்டு அறிவியல் கழகத்துக்கு மாறிய அதே ஆண்டு. ஐந்து பகுதிகளில் நடுவில் நிற்கும் மூன்றாம் பகுதிக்கு 'பல்கேரிய முறையில்' என்று தலைப்பிட்டிருக்கிறார். தாளக்குறி இருக்க வேண்டிய இடத்தில் 9/8 என்று போடாமல், 4+2+3 என்று ஒரு கூட்டல் கணக்கையே எழுதி அதன்கீழ் 8 என்று போட்டிருக்கிறார். அந்தக் கூட்டல் குறிகளை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரிப்பது கடினம். ஒன்பது என்று எழுதினால் மேலை வாசிப்பாளர்கள் மூன்று மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஒருகாலத்தில் தாமே அப்படிக் கேட்டவர் என்பதால், அந்தத் தவறு இன்னொருவருக்கு நேராதபடி குறியிலேயே வழியை வெட்டி வைத்திருக்கிறார்.

நம் சொற்கட்டில் அது தகதிமி தக தகிட. செல்லோ வில்லைத் தொடாமல் விரலால் தந்தியை மீட்ட, அதன்மேல் மெட்டு ஏறி இறங்குகிறது. நான்கு மாத்திரையில் நிதானமாகக் காலூன்றி, இரண்டில் விரைந்து, மூன்றில் மீண்டும் தயங்கும். ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று தட்டுகள், மூன்றும் மூன்று வெவ்வேறு நீளம். இதன் நடுவில் வரும் பகுதியில் தாளம் 3+2+2+3 என்று மாறுகிறது: தகிட தக தக தகிட. முன்னாலும் பின்னாலும் நெட்டை, நடுவில் இரண்டு குட்டைகள். திருப்பிப் படித்தாலும் அதுவே வரும். ஒலியடக்கி பொருத்திய வயலின் ஒரு வட்டத்துக்குப் பத்து சுரங்கள் கொண்ட சிறு சுழலைத் திரும்பத் திரும்பச் சுற்ற, அதன்கீழே பாட்டுப் போன்ற ஒரு எளிய மெட்டு எழுகிறது. பின்னிரவில் தொலைதூரத்து வயலுக்கு அப்பால் யாரோ ஆடிக்கொண்டிருப்பது காற்றில் வந்து போவதைப் போல இருக்கும். இதில் பல்கேரிய மெட்டு ஒன்றுகூட இல்லை. ஆடுகளமும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. ஆட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது சமமற்ற அடி ஒன்றை மட்டும்தான். அதைக் கொண்டு, எந்தக் கிராமத்திலும் இல்லாத ஓர் இசையைச் செய்திருக்கிறார். 1935 ஏப்ரல் 8 அன்று வாஷிங்டனில் கோலிஷ் குவார்ட்டெட் இதை அரங்கேற்றியது. அக்குழுவினர் பொதுவாகக் குறிப்புத்தாள் இல்லாமல் மனப்பாடமாகவே வாசிக்கும் வழக்கம் உடையவர்கள். இந்தத் தாளத்துக்கு அப்படி உடலில் ஏற்றிக்கொண்ட வாசிப்புத்தான் உகந்தது.

அதன்பின் அந்த அடி அவருடைய எழுத்தில் இயல்பாக வந்து போகிறது. 1938-இல் வயலின் மேதை யோஷெஃப் சிகெட்டிக்காகவும் ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனுக்காகவும் எழுதிய 'கான்ட்ராஸ்ட்ஸ்' இதற்கு நல்ல சான்று. அதன் முதல் பகுதி 'வெர்புங்கோஷ்'. படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக வந்த வீரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடிக்காட்டிய ஆட்டத்தின் பெயர் அது. இளமையில் நகரத்து இசை என்று விலக்கி வைத்த அந்தப் பாணிக்கு ஐம்பத்தேழு வயதில் மனம் கனிந்து திரும்பியிருக்கிறார். மூன்றாம் பகுதி விரைவாட்டம். அதன் நடுவே திடீரென்று வேகம் தணிந்து 3+2+3+2+3 என்று பதின்மூன்று மாத்திரையில் ஒரு பகுதி வருகிறது. தகிட தக தகிட தக தகிட என்று சொல்லிக்கொண்டே கேட்டால், நெட்டையும் குட்டையும் மாறி மாறி வந்து, முடியும்போது ஒரு நெட்டையும் அடுத்த வட்டத்தின் முதல் நெட்டையும் சேர்ந்து நிற்கும் இடம் தெரியும். ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் தங்குவதைப்போல அந்த இடத்தில் இசை தங்குகிறது.

'மிக்ரோகாஸ்மாஸ்' 1926-இல் தொடங்கி 1939-இல் முடிந்த வேலை. மொத்தம் 153 பாடங்கள்; முதல் இரண்டு பாகங்களை அவர் தம் இளைய மகன் பேட்டருக்கு உரிமையாக்கினார். பியானோவைத் தொட்டறியாத குழந்தை முதல் பாடத்தில் தொடங்கினால், 148-ஆம் பாடம் முதல் 153-ஆம் பாடம் வரை உள்ள 'பல்கேரியத் தாளத்தில் ஆறு ஆட்டங்கள்' அதன் கடைசிப் படிகள். 148-இன் தாளம் குவார்ட்டெட்டில் வந்த அதே 4+2+3. 149-இல் இரண்டு, இரண்டு, மூன்று. 150-இல் ஐந்து. 151-இல் மூன்று, இரண்டு, மூன்று. 152-இல் ஒன்பது. முடிவாக 153-இல் 3+3+2, நம் காதுக்கும் நன்றாகப் பழகிய பிரிவு. அவர் இவற்றை ஓர் ஆராய்ச்சிப் பொருளாக அருங்காட்சியகத்தில் வைக்காமல், குழந்தைகள் படிக்கும் புத்தகத்தின் முகட்டில் வைத்ததுதான் என்னை மிகவும் நெகிழ வைக்கிறது. தாம் முப்பது வயதில் கேட்கத் தவறியதை, ஒரு குழந்தை பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கேட்டுப் பழகிவிட வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

இனி எங்கள் மேல்தளத்துச் சிறுமியிடம் திரும்புகிறேன். 1940-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக பார்ட்டோக் தாமே பியானோ வாசித்துப் பதிந்த 'மிக்ரோகாஸ்மாஸ்' பாடங்கள் சில இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் 113-ஆம் பாடமும் உண்டு. அதைத் தேடிப் பிடித்துக் காதில் பொருத்திக்கொண்டு கேட்டபோதுதான், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் குறைந்தது என்னவென்று புரிந்தது. நான் தக தக தகிட என்று சொல்லிக்கொடுத்தபோது ஏழு எழுத்துகளையும் எண்ணித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் வாசிப்பில் ஏழு என்பதே கேட்கவில்லை. மூன்று தட்டுகள்தான் கேட்டன. முதல் இரண்டும் எட்டி வைத்த அடிகள். மூன்றாவது, எழும்பி இறங்கும் அடி. எழும்புவதற்கு வேண்டிய நேரம்தான் அந்தக் கூடுதல் மாத்திரை. வட்டத்தை நிரப்ப யாரோ சேர்த்த உபரி அல்ல அது, உடல் நிலத்தைவிட்டு மேலே இருக்கும் பொழுது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை பியானோவின் முன்னால் உட்கார வேண்டாம் என்று சொன்னேன். கூடத்தில் கிடந்த நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கினோம். அவளுடைய பாட்டி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல்கேரியத் திருமணம் ஒன்றின் காணொளியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அவள் தன் துப்பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு அடி வைக்கத் தொடங்கினாள். வலது, இடது, பிறகு வலதில் ஒரு சிறு குதிப்பு. இடது, வலது, பிறகு இடதில் ஒரு குதிப்பு. அடுத்தடுத்த வட்டங்களில் கால் மாறுவது அவளுக்கு முதலில் குழப்பமாக இருந்தது. எட்டு பத்து முறைக்குப் பிறகு குழப்பம் போய், சிரிப்பு வந்தது. "மாமா, மூணாவதுல நான் எண்ணவே இல்லை, தானா நிக்குது" என்றாள். அப்படியே போய் உட்கார்ந்து வாசி என்றேன். மூச்சிரைக்க உட்கார்ந்து, எண்ணாமல் வாசித்தாள். இடது கையில் ஒரு சுரம் பிழைத்தது. மூன்றாவது தட்டு ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து எழும்பிக் கீழே வந்தது.